கொல்லையில் பிறந்த படகுகள்

1963-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் லண்டனில் நடந்த படகுக் கண்காட்சியில், பதினோரு அடிக்குச் சற்றே குறைந்த நீளமும், கூர்மையில்லாத மழுங்கிய முன்புறமும், சிவப்பு நிறப் பாயும் கொண்ட ஒரு சிறு டிங்கிப் படகு ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. 'டெய்லி மிரர்' என்னும் தினசரிப் பத்திரிகை அதற்கு ஆதரவளித்துத் தன் பெயரையும் கொடுத்திருந்தது. பாய்ப்படகு என்றால் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்றிருந்த தேசத்தில், ஆலைத் தொழிலாளியும் பள்ளிக்கூட வாத்தியாரும் தம் வீட்டுக் கொட்டகையிலோ கொல்லைப்புறத்திலோ ஓய்வு நேரத்தில் தாமே கட்டி, மோட்டார் வண்டியின் கூரைமேல் ஏற்றிக்கொண்டு போய் நீரில் இறக்கக்கூடிய படகு ஒன்று வேண்டும் என்பதே அந்த முயற்சியின் உத்தேசம். படகு வடிவமைப்பில் பெயர் பெற்ற ஜாக் ஹோல்ட்டும், வீட்டுத் தச்சு வேலைகளைத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்துப் பிரபலமாகியிருந்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் படகுக்கு வேண்டிய சாமான்கள் அடங்கிய தொகுப்பு 63 பவுன் 11 ஷில்லிங்குக்கு விற்பனைக்கு வந்தது. 'மிரர்' படகுகளின் பாயில் பொறிக்கப்படும் வரிசை எண் பிற்காலத்தில் 70,000-ஐத் தாண்டியது.

அந்த எண்ணிக்கையை ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். படகுத் தொழிலில் பயிற்சி இல்லாத சாமானிய மனிதர்கள், தம் கையாலேயே இழைத்து ஒட்டிய பலகைகளின்மேல் தம் உயிரையும் தம் குழந்தைகளின் உயிரையும் வைத்து நீரில் இறங்கினார்கள். பிரிட்டனில் கடலோரத்தில் சிறிய உல்லாசப் படகு ஓட்டுவதற்கு லைசென்ஸ் எதுவும் இன்றளவும் தேவையில்லை. வீட்டில் கட்டிய படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன் வந்து பார்த்து முத்திரை போட்டுப் போகும் அதிகாரியும் கிடையாது. அப்படியிருந்தும் இந்தப் பொழுதுபோக்கு பேராபத்தாக மாறாமல் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்திருக்கிறதென்றால், அதற்குச் சட்டத்தைவிடவும் சாதனங்களைவிடவும் முக்கியமான காரணம், படகு கட்டுவோரிடையேயும் ஓட்டுவோரிடையேயும் நிலவும் ஒருவகைச் சிநேகமே என்பது என் திடமான அபிப்பிராயம். அந்தச் சிநேகத்தின் தன்மை என்ன, அது எங்கே காப்பாற்றுகிறது, எங்கே ஆளையே கவிழ்த்துவிடவும் கூடும் என்பவற்றைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

மிரர் படகைக் கட்டும் முறை, கென் லிட்டில்டைக் என்னும் மரவேலை ஆசிரியர் சிறு ஓடங்கள் கட்டுவதற்குக் கையாண்ட உபாயத்திலிருந்து பிறந்தது. பிளைவுட் பலகைகளை அளவாக அறுத்து, அவற்றின் ஓரங்களில் வரிசையாகச் சிறு துளைகள் இட்டு, அடுத்தடுத்த பலகைகளின் துளைகளில் செப்புக் கம்பித் துண்டுகளைக் கோத்துக் குறட்டினால் முறுக்கிக்கொண்டே வந்தால், அதுவரை தரையில் தட்டையாகக் கிடந்த மரம் தையற்காரர் கையில் துணி சட்டையாவது போல மெல்ல வளைந்து எழுந்து படகின் உருவம் கொள்கிறது. பிறகு உட்புற மூலைகளில் பிசினைக் குழைத்துப் பூசி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் நாடாவை ஒட்டி, அது இறுகிய பின் வெளியே துருத்தி நிற்கும் கம்பி முனைகளை வெட்டி ராவி, வெளிப்புறத்திலும் நாடா ஒட்டிவிட்டால், ஆணியும் கனத்த சட்டங்களும் இல்லாமலே உறுதியான உடல் கிடைத்துவிடுகிறது. ஆனால் கடினப்படுத்தும் திரவத்தைப் பிசினோடு கலந்துவிட்டால் அது யாருக்காகவும் காத்திராது. ஒருவர் கலந்துகொடுக்க மற்றொருவர் பூசிக்கொண்டே போக வேண்டும். மேல்விளிம்புச் சட்டத்தை ஒட்டும் நாளில், எத்தனை கிளாம்ப் வைத்திருந்தாலும் இன்னும் நாலு இருந்தால் தேவலை என்றே தோன்றும். அவை அடுத்த தெருவில் படகு கட்டிக்கொண்டிருப்பவரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். உடலைக் கவிழ்த்துப் போடும் நாளிலோ நாலு பேர் கை கொடுத்தால்தான் காரியம் நடக்கும். ஆகவே, தனியாக ஒரு மனிதன் தொடங்கும் வேலை, படகு முடிவதற்குள் ஒரு சிறு கூட்டத்தின் வேலையாகிவிடுகிறது.

இந்தத் தையல் முறை நம்முடைய கரைக்கும் வந்து சேர்ந்தது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கட்டுமரத்துக்கு ஏற்ற பெருமரங்கள் அருகி விலையும் ஏறிவந்த காலத்தில், 1980-களில், கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் மீனவர்களுக்காக பிளைவுட் படகுகள் இதே வகையில் தைத்து ஒட்டிக் கட்டப்பட்டன. கட்டுமரத்துக்கு உட்குழிவு கிடையாது; ஏறிய அலை மரங்களின் இடுக்கு வழியே தானாக இறங்கிப் போய்விடும். குழிவுள்ள படகுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உள்ளே வந்த தண்ணீர் உள்ளேயே தங்கும். தண்ணீர் நிறைந்த பின்னும் படகு மிதக்க வேண்டுமானால், அதற்கென்று காற்று அடைபட்ட அறைகளைக் கட்டும்போதே யோசித்து வைத்தாக வேண்டும். லண்டனில் கண்காட்சிக்கு வந்த படகுக்கும் முட்டத்து மணலில் இழுத்து வைத்த படகுக்கும் இந்த நியதி ஒன்றுதான்.

காற்றறையைப் பற்றிய கணக்கு எளிது. தண்ணீரில் அமிழ்த்தப்பட்ட ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ பாரத்தைத் தாங்கும். படகு, அதன் சாமான், தண்ணீரில் விழுந்தவர் பற்றித் தொங்கும் பாரம் எல்லாவற்றையும் கூட்டிப் போதிய அளவு காற்றை அடைத்துவிட்டால் படகு மூழ்காது. கடினமெல்லாம் அந்தக் காற்றை எங்கே அடைப்பது என்பதில்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் மட்டும் வைத்துப் பக்கங்களில் ஒன்றும் வைக்காவிட்டால், நிமிர்த்திய படகு விளிம்பு வரை தண்ணீரோடு எழும்பும், இறைத்து மாளாது. பக்கங்களில் அளவுக்கு மீறி வைத்துவிட்டாலோ, கவிழ்ந்த படகு உயரமாக மிதந்து, நீந்துபவர் கைக்கு எட்டாமல் காற்றடித்த திசையில் விலகிப் போய்விடும். தன் படகில் இந்தக் குறை இருப்பதைக் கட்டியவரால் காண முடிவதில்லை. மாதக்கணக்கில் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவருக்குத் தன் பிள்ளையின் முகம் மாதிரி அதன் அழகுதான் கண்ணில் படும். இங்கேதான் நண்பர் வேண்டியிருக்கிறது. நான் உயர்வாக மதிக்கும் நண்பர், வார்னிஷைப் புகழ்வதோடு நின்றுவிடாமல், காற்றறையின் வடிதுளையில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி வாயால் மெதுவாக ஊதச் சொல்லி, ஒட்டுகளின்மேல் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே வந்து, ஒரு மூலையில் குமிழி பொங்குவதை விரல் வைத்துக் காட்டுகிறவர். அந்தக் குமிழியைக் காட்டுவது புதுப் படகின் சொந்தக்காரருக்கு எத்தனை வருத்தம் தரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் காட்டுகிறாரே, அதுதான் சிநேகம்.

அடுத்தபடியாக நடக்க வேண்டியது கவிழ்த்துப் பார்க்கும் பரீக்ஷை. வெயில் நாளில், பாய்மரம் அடித்தரையில் குத்தி முறியாத அளவுக்கு ஆழமுள்ள, ஆனால் கரைக்கு அருகான அமைதியான நீரில், நண்பர்கள் இன்னொரு படகில் பக்கத்தில் இருக்க, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துப் பார்ப்பது அது. படகின் நடுவிலுள்ள பிளவு வழியாகக் கீழே இறங்கும் பலகையின்மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால், பாய் நீரிலிருந்து கனமாகப் பிரிந்து எழும். படகு திடீரென்று நிமிரும். அப்போது உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பலகை இறங்கும் அந்தப் பிளவின் மேல்வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போயிருந்தால், வாளியால் இறைக்க இறைக்க அதன் வழியே அத்தனையும் திரும்ப உள்ளே வரும். சொந்தக்காரர் என்னதான் பலசாலியாக இருந்தாலும் கடலில் அந்தப் படகை மீட்க முடியாது. இதைவிடவும் பலரை அதிர வைக்கும் விஷயம், தண்ணீரிலிருந்து படகுக்குள் மறுபடியும் ஏறுவது. கனத்த உடை நனைந்து, கை ஓய்ந்த நிலையில், கரையில் வேலி தாண்டிக் குதிக்கிறவர்கூட அரை முழ உயர விளிம்பைத் தாண்ட முடியாமல் தொங்குவதுண்டு. கால் வைத்து ஏற ஒரு கயிற்று வளையத்தைப் பின்புறத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும், அந்தச் சிரமம் தீர்ந்தது. இரண்டு முழக் கயிறு வேலை அது. ஆனால் அந்த இரண்டு முழக் கயிற்றின் அவசியத்தை அமைதியான நீரில், சிநேகிதர்களுக்கு நடுவில் தெரிந்துகொள்வதற்கும், ஆளரவமற்ற கடலில் மாலை மங்கும் வேளையில் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

குளிர்ந்த நீர் மனிதனை என்ன செய்கிறது என்பது உஷ்ண தேசத்தில் வாழும் நமக்கு எளிதில் விளங்காது. கானடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர் நீரில் விழுந்தவரின் கதியை ஒன்று, பத்து, ஒன்று என்று மூன்று எண்களில் அடக்கிச் சொல்லிக்கொடுத்தார். மூச்சுத் திணறலை அடக்கிக்கொள்ள முதலாவது ஒரு நிமிஷம். கை கால்கள் சொன்னபடி கேட்கும் அவகாசம் சுமார் பத்து நிமிஷம். உடல் சூடு குறைந்து நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம். மக்கள் அஞ்சுவது கடைசி எண்ணுக்கு. பெரும்பாலும் உயிர் போவதோ முதல் இரண்டில். திணறும் அந்த முதல் நிமிஷத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் மூச்சில் ஏறினால், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் பயனில்லை. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பதால் பிரயோஜனம் இல்லை, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்று படகுக்காரர்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் இது. அமெரிக்கக் கடலோரக் காவல் படை உல்லாசப் படகு விபத்துகளைப் பற்றி ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகள், இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கியே இறந்தார்கள் என்றும், அப்படி மூழ்கியவர்களில் 85 சதவீதத்தை ஒட்டியவர்கள் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள் என்றும் காட்டுகின்றன. குழுவிலே மூத்தவர் ஒருவர் கரையிலேயே ஜாக்கெட்டை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டால், பேச்சே இல்லாமல் மற்றவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். மூத்தவர் அதை உட்காரும் இடத்தில் திண்டாகப் போட்டுக்கொண்டால், இளைஞர்களுக்கு அதை அணியவே வெட்கமாகிவிடுகிறது.

சிறு படகின் புகழைப் பேசும் எவரும் ஃப்ராங்க் டையின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. 'வேஃபேரர்' என்பது இயன் ப்ராக்டர் 1957-இல் வடிவமைத்த, பதினாறு அடிக்கும் சற்றுக் குறைந்த திறந்த படகு. அறையோ கூரையோ கிடையாது. அந்த வகையைச் சேர்ந்த 'வாண்டரர்' என்னும் தம் படகில், ஒரே ஒரு தோழரை உடன் வைத்துக்கொண்டு, டை 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், அடுத்த வருஷம் நார்வேக்கும் போய்ச் சேர்ந்தார். நார்வே பிரயாணத்தில் பெரும்புயலில் சிக்கிப் படகு ஒரு முறைக்கு மேல் கவிழ்ந்தது, பாய்மரமும் முறிந்தது. அவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. நடுக்கடலில் படகுக்குள் இருந்தபடியே பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைக்க அதன் அடியில் கீல் அமைத்திருந்தார்கள். நீரில் இழுபட்டுப் படகின் முகத்தை அலைக்கு நேராக நிறுத்தி வைக்கும் மிதவை நங்கூரம் இருந்தது. மேலே போர்த்தித் தண்ணீரைத் தடுக்கக் கித்தான் இருந்தது. முன்னும் பின்னும் அடைத்த காற்றறைகள் இருந்தன. இவற்றையெல்லாம் முந்தைய பயணங்களில் கையாண்டு பழகிய பிறகே அந்தத் துணிகரத்தில் இறங்கினார்கள். டை 2010-இல் காலமானார். வாண்டரர் இப்போது ஃபால்மத்திலுள்ள கார்ன்வால் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு உரியது. அவருடைய தைரியத்தைக் கண்டு வியப்பவர்கள் ஏராளம். அவருடைய பாய்மரக் கீலைக் கண்டு வியப்பவர்கள் அதிகமாக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இதுவரை தோழமையின் நன்மையைச் சொன்னேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வாசகர்களுக்குத் துரோகம் செய்ததாகும். பத்துப் படகுகள் சேர்ந்து புறப்படும்போது ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு பொய்யான தெம்பு பிறக்கிறது. வானத்தைப் பார்த்துத் தனக்குள் அச்சம் எழுந்தாலும், "மற்றவர்கள் போகிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா?" என்று ஒருவர் அடங்கிப் போகிறார், அவர் அமைதியாக இருப்பதைப் பார்த்து அடுத்தவரும் அதே எண்ணத்தில் அடங்கிப் போகிறார். ஆக, ஒருவரும் உள்ளூர விரும்பாத பயணம் எல்லாருடைய சம்மதத்தோடும் தொடங்கிவிடுகிறது. பலத்த காற்று வந்துவிட்டால் பத்துப் படகும் பத்துத் திசையில் சிதறிவிடும். அலையின் பள்ளத்தில் கிடக்கும் சிறு படகை நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து காண்பதே அரிது. தன் பாயைச் சமாளிப்பதே பெரும்பாடாயிருக்கும் ஒருவர் இன்னொருவரை மீட்கப் போவது எப்படி?

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்தில் டாம்பா விரிகுடாவின் வாயிலுள்ள கடற்கரையிலிருந்து கீ லார்கோ வரை சுமார் 300 மைல் தூரம், துடுப்பாலும் பாயாலும் செல்லும் சிறு படகுகளுக்காக 'எவர்கிளேட்ஸ் சாலஞ்ச்' என்னும் பந்தயம் நடைபெற்று வருகிறது. வீட்டில் கட்டிய படகுகள் பலவும் அதில் கலந்துகொள்ளும். அதன் நியதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. படகும் சாமான்களும் கடற்கரை மணலில் ஓதம் எட்டாத மேட்டில் இருக்க, பிறர் உதவியின்றிப் படகுக்குரியவர்களே அதை நீர் வரை நகர்த்திக் கொண்டு போக வேண்டும். ஆளில்லாத தீவுக் கரையில் ஒதுங்க நேர்ந்தால் தன் படகைத் தானே இழுத்துக் காப்பாற்ற முடியாதவர் அந்தப் பயணத்துக்கு லாயக்கில்லை என்பதை, எந்தப் பரீக்ஷைத் தாளும் இல்லாமல் மணலே சொல்லிவிடுகிறது. ஆனால் 2015 மார்ச் மாதத்தில், முதல் நாளே விரிகுடாவைக் கடக்கையில் பலத்த காற்றில் பல படகுகள் கவிழ, கடலோரக் காவல் படை அநேகரை மீட்டு அந்த வருஷத்துப் போட்டியையே நிறுத்த வேண்டியதாயிற்று. மணல் வைத்த பரீக்ஷையில் உடல் பலம் தெரியவந்தது. "இன்று வேண்டாம்" என்று சொல்லும் மனபலத்தைச் சோதிக்க எந்த மணலுக்கும் சக்தியில்லை.

அதற்காக எல்லாவற்றையும் விதிகளால் கட்டிவிடலாமா என்றால், அதுவும் எனக்குச் சம்மதமில்லை. 1960-இல் பிளிமத்திலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகக் கடக்கும் முதல் பந்தயத்தில் ஐந்து பேர் கலந்துகொண்டு ஐவரும் அமெரிக்கா சேர்ந்தார்கள். அந்த யோசனைக்கு மூலபுருஷரான ஹாஸ்லரின் படகு 'ஜெஸ்டர்' இருபத்தைந்து அடி அளவே உள்ள சிறு படகு. காலப்போக்கில் பந்தயத்தின் விதிகள் பெருகி, ஜெஸ்டரைப் போன்ற சிறு படகுகளுக்கே அதில் இடமில்லாமல் போயிற்று. ஆகவே 2006-இல் 'ஜெஸ்டர் சாலஞ்ச்' என்ற பெயரில், முப்பது அடிக்கு உட்பட்ட படகுகளுக்காக, பரிசோதனையும் கட்டாய விதிகளும் இல்லாத கடற்பயணம் ஒன்று தொடங்கப்பட்டது. படகு தகுதியானதா, புறப்படுவதா, திரும்புவதா என்ற தீர்மானம் முழுக்க முழுக்கப் படகோட்டியுடையது. அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பிய பலர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். திரும்பியதை அங்கே ஒருவரும் இழுக்காகக் கருதுவதில்லை. விதி இல்லாத இடத்தில் இந்தப் பண்பாடு இல்லாமல் போனால் அது வெறும் அராஜகமாகிவிடும்.

பிரிட்டனில் 1824-இல் தோன்றிய உயிர்ப்படகுச் சங்கம் இன்றும் நன்கொடையால் நடப்பது. அதன் படகுகளில் புயலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத தொண்டர்கள். ஒருவர் ஆலோசனையின்றிக் கடலில் இறங்கும்போது அவரைத் தேடி வரப்போகும் அந்தத் தொண்டர்களின் குடும்பங்களையும் அவர் பணயம் வைக்கிறார். கரையில் ஒருவரிடம், எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லாவிட்டால் காவல் படைக்குச் சொல்ல வேண்டும் என்று விவரமாகச் சொல்லிவிட்டுப் போவது அவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை. பத்திரமாகத் திரும்பிய உடனே அதையும் தெரிவிக்க மறக்கக் கூடாது.

அனுபவமுள்ள குழுக்கள் கரையிலேயே சில ஒப்பந்தங்களைப் பேசி வைத்துக்கொள்கின்றன. வேகத்தை நிர்ணயிப்பது மிக மெதுவான படகு. காற்று ஏறுவதற்கு முன்பே பாயைச் சுருக்குவது. முதலில் சுருக்குகிறவர் யாராயிருந்தாலும் மற்றவர்களும் உடனே சுருக்கிவிடுவது. "நான் திரும்புகிறேன்" என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. அவரோடு கூடவே இன்னொரு படகும் திரும்ப வேண்டும். அந்த இரண்டாவது படகுக்காரர் அன்றைய பயணத்தை, ஒருவேளை வருஷம் முழுதும் காத்திருந்த பயணத்தையே, இழக்கிறார். அதை முகம் கோணாமல் செய்கிறவர் இருக்கும் குழுவைத் தேடிக் கண்டுபிடித்துச் சேருங்கள் என்றுதான் முதல் படகைக் கொல்லையில் கட்டிக்கொண்டிருக்கும் எந்தப் புதியவருக்கும் நான் சொல்வேன். பிசின் வாங்குவதற்கு முன்பே அந்தத் தேடலைத் தொடங்கிவிடுவது நல்லது.